வாடகை வீட்டுச் செலவு: எந்த பில்லைப் பத்திரமா வைக்கணும்?

வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் பெயின்ட் அடித்தீர்கள். மொட்டை மாடி ஒழுகலை அடைத்தீர்கள். உப்புத் தண்ணீரில் அடைத்துப்போன பைப்பை எல்லாம் பிடுங்கி வேறு போட்டீர்கள். இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட வருமான வரிக் கணக்கில் தனியாகக் கழியாது. அதே வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பினீர்கள். அதுவும் அந்த வருஷத்து வாடகையில் கழியாது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து, இரண்டு பில்லையும் ஒரே குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். முதல் செலவு அன்றோடு முடிந்த கணக்கு. இரண்டாவது செலவு, வீட்டை விற்கிற வருஷத்தில் லட்சக்கணக்கில் வரியைக் குறைக்கும். அதற்கு பில் கையில் இருக்க வேண்டும்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். அப்பா மேஸ்திரி. வேலப்பாடி, ஓட்டேரி பக்கம் அவர் கட்டின வீடுகள் நிறைய நிற்கின்றன. சாரம், சென்ட்ரிங், பூச்சு, பட்டி என்ற பேச்சிலேயே வளர்ந்தவள் என்பதால், பில்லைப் பார்த்தாலே அந்த வீட்டில் என்ன வேலை நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிடும். காட்பாடியில் விஐடி பிள்ளைகளுக்கு வீடு விட்டவர்கள், தோட்டப்பாளையத்தில் சிஎம்சி மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு விட்டவர்கள், கொசப்பேட்டையில் தாத்தா காலத்து வீட்டைத் தடுத்து இரண்டு குடும்பத்துக்கு விட்டவர்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு செலவு பண்ணியிருக்கேனே, இதைக் கழிக்க முடியாதா?"

முதலில் வாடகைக் கணக்கை முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். காட்பாடியில் மாதம் 18,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். வருஷத்துக்கு 2,16,000. அந்த வருஷத்தில் நீங்கள் உண்மையாகக் கட்டிய சொத்து வரி 6,000. கழித்தால் 2,10,000. இதில் 30 சதவீதம், அதாவது 63,000 ரூபாயை, சட்டமே கழித்துக் கொடுத்துவிடுகிறது. மீதி 1,47,000 உங்கள் வருமானம். அந்த 63,000 எதற்கு என்றால் பழுது, பராமரிப்பு, வாடகை வசூல், காவல், எல்லாவற்றுக்கும் சேர்த்து. நீங்கள் 2,40,000 செலவு செய்திருந்தாலும் 63,000தான். சுண்ணாம்புகூட அடிக்காமல் விட்டிருந்தாலும் 63,000தான். பில் கேட்க மாட்டார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 24-ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. 30 சதவீதம் மாறவில்லை. புது வரிமுறையில் இருந்தாலும் பழைய வரிமுறையில் இருந்தாலும் இது உண்டு.

சொத்து வரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிறோம். எந்த வருஷம் பணம் கட்டினீர்களோ அந்த வருஷம்தான் கழியும். நான்கு வருஷ பாக்கியை இந்த வருஷம் மொத்தமாகக் கட்டினால் மொத்தமும் இந்த வருஷமே கழியும். ஆனால் மார்ச் 31 தாண்டினால் அடுத்த வருஷம்தான். குடித்தனக்காரர் தன் கையிலிருந்து கட்டினால் உங்களுக்குக் கழியாது.

இனி பழுது எது, மேம்பாடு எது என்பதற்கு வருவோம். இருந்த பொருளை இருந்த நிலைக்குக் கொண்டுவந்தால் பழுது. இல்லாத ஒன்று வந்தாலோ, இருந்தது வேறொன்றாக மாறினாலோ மேம்பாடு. எங்கள் ஊர் வீடுகளையே வைத்துச் சொல்கிறேன். நாட்டு ஓட்டில் நாலு உடைந்ததை மாற்றினால் பழுது. ஓட்டைப் பிரித்து இறக்கிவிட்டு கான்கிரீட் தளம் போட்டால் மேம்பாடு. மோட்டாருக்குக் காயில் கட்டினால் பழுது, மோட்டாரையே மாற்றினாலும் பழுதுதான். பழைய போர் வற்றிப்போய் வேறு இடத்தில் புதுசாகத் துளை போட்டு, கேசிங் பைப் இறக்கினால் மேம்பாடு. மாடியில் வெயிலுக்காக வெள்ளை பெயின்ட் அடிப்பது பழுது. வேலூர் வெயிலுக்கு அது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டியிருக்கிறது. தட்டு ஓடு பெயர்ந்த இடத்தில் ஒட்டுப் போடுவதும் பழுது. காம்பவுண்ட் சுவர், புது மாடிப்படி, கூடுதல் அறை, லிஃப்ட் எல்லாம் சந்தேகமே இல்லாமல் மேம்பாடு.

சிக்கல் நடுவில் இருக்கிறவற்றில்தான். சிவப்பு காவித் தரையை எடுத்துவிட்டு வீடு முழுக்க கிரானைட் போட்டால்? சிங்கிள் ஃபேஸ் இருந்த வீட்டை த்ரீ ஃபேஸ் ஆக்கி, சுவருக்குள் பைப் பதித்து மொத்த வயரிங்கும் புதுசாகச் செய்தால்? நான் இவற்றை மேம்பாட்டில் வைக்கிறேன், ஏனென்றால் வீடு முன்பு இருந்ததைவிட வேறு தரத்துக்குப் போய்விட்டது. அதிகாரி கேள்வி கேட்கலாம். அதனால் பழைய தரையின் போட்டோ, புதுத் தரையின் போட்டோ, கல் வாங்கிய கடையின் ஜிஎஸ்டி பில், இந்த மூன்றும் இல்லாமல் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஏசி, ஃபிரிட்ஜ், கட்டில், மின்விசிறி எல்லாம் கழற்றி எடுத்துப் போகிற சாமான். வீட்டின் விலையில் அதைச் சேர்க்காதீர்கள்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கேதான் பெரிசாகிறது. கொசப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். கையில் மேஸ்திரி கொடுத்த ஒரு தாள். கோடு போட்ட நோட்டில் கிழித்தது. "ரிப்பேர் வேலை மொத்தம் 4,60,000. பெற்றுக்கொண்டேன்." கீழே ஒரு கையெழுத்து. தேதிகூட இல்லை. என்ன வேலை நடந்தது என்று கேட்டேன். பின்கட்டில் ஓட்டுச் சாய்ப்பு இருந்ததாம். அதைப் பிரித்து, சுவரை உயர்த்தி, தளம் போட்டு, குளியலறையும் கக்கூஸும் கட்டி, அந்தப் பகுதியைத் தனியாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முன்கட்டில் பூச்சு ஒட்டு, வெள்ளையடிப்பு, கரையான் அரித்த வாசக்காலைச் சரிசெய்தது. அவ்வளவும் சேர்த்துத்தான் 'ரிப்பேர்'.

"ஏம்மா, ரிப்பேருன்னு எழுதினா வரி கம்மியாவும்னு நான்தான் மேஸ்திரிகிட்ட சொல்லி எழுதச் சொன்னேன்" என்றார்கள்.

"வாடகை வீட்டுக்கு அது நேர்மாறும்மா. ரிப்பேருன்னு இருந்தா இப்பவும் கழியாது, நாளைக்கு விக்கும்போதும் கழியாது. பின்கட்டு வேலைதான் உங்களுக்கு விக்கும்போது உதவும். அதைத் தனியா எழுதி வாங்குங்க."

பழைய தேதி போட்டு வேறு பில் தயாரிப்பது தப்பு, அதை நான் யாருக்கும் செய்து தருவதில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வேலை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, மேஸ்திரியின் கணக்கு நோட்டு அவரிடமே இருந்தது. நடந்த வேலையை நடந்தபடி பிரித்து, எழுதிய தேதியைப் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். இப்படி இருந்தது:

பின்கட்டு நாட்டு ஓடு பிரித்தது, சுவர் உயர்த்தியது, 220 சதுர அடி கான்கிரீட் தளம், புதுக் குளியலறை, கழிவறை, செப்டிக் டேங்க், கூலியும் சாமானும் சேர்த்து: 3,90,000.
முன்கட்டு பூச்சு ஒட்டு, வெள்ளையடிப்பு, வாசக்கால் பழுது: 70,000.

இதோடு சிமென்ட், கம்பி, ஜல்லி வாங்கிய பில்களையும், அந்த அம்மாவின் பாஸ்புக்கில் மேஸ்திரிக்குப் பணம் போன பக்கத்தின் நகலையும் பின் அடித்து வைத்தோம். நீங்கள் வேலை ஆரம்பிக்கும்போதே மேஸ்திரியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: பழுதுக்கு ஒரு தாள், புது வேலைக்கு ஒரு தாள், இரண்டிலும் வீட்டு முகவரி, தேதி, அளவு. எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் எழுதச் சோம்பல் படுவார்கள். நீங்கள் எழுதி எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கினாலும் சரிதான், எழுதியிருப்பது உண்மையாக இருந்தால்.

இது எவ்வளவு பணம் என்று காட்டுகிறேன். ஒருவர் 2005-06-இல் சத்துவாச்சாரியில் பத்திரச் செலவு உட்பட 8,00,000 ரூபாய்க்கு வீடு வாங்கினார். 2012-13-இல் 10,00,000 செலவில் மாடி கட்டினார். 2025-26-இல் 60,00,000-க்கு விற்றார். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் இந்த லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் விதி மாறிவிட்டது: பணவீக்கக் குறியீடு (விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப பழைய செலவை உயர்த்திக் கணக்கிட உதவும் எண்) இல்லாமல் 12.5 சதவீதம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய வீடாக இருந்து, விற்பவர் இந்தியாவில் வசிக்கும் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருந்தால், குறியீட்டோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

குறியீட்டு எண் 2005-06-க்கு 117, 2012-13-க்கு 200, 2025-26-க்கு 376. வீட்டின் விலை 8,00,000-ஐ 376-ஆல் பெருக்கி 117-ஆல் வகுத்தால் 25,70,940. மாடிச் செலவு 10,00,000-ஐ 376-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 18,80,000. இரண்டும் சேர்ந்து 44,50,940. ஆதாயம் 15,49,060. அதில் 20 சதவீதம் 3,09,812 ரூபாய். குறியீடு இல்லாமல் போட்டால் ஆதாயம் 42,00,000, வரி 5,25,000. ஆக அவர் கட்ட வேண்டியது 3,09,812.

மாடி கட்டிய பில் எதுவும் இல்லை என்று வையுங்கள். குறியீட்டோடு ஆதாயம் 34,29,060, வரி 6,85,812. குறியீடு இல்லாமல் ஆதாயம் 52,00,000, வரி 6,50,000. குறைவானது 6,50,000. வித்தியாசம் 3,40,188 ரூபாய், செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) தனி. மாடிக்குச் செலவு செய்த பத்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தாள் இல்லாத ஒரே காரணத்தால் போய்விடுகிறது. உழைத்துச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

வீடு அப்பா அம்மாவிடமிருந்து வந்ததா? அப்போதும் இது பொருந்தும். அவர்கள் வாங்கிய விலைதான் உங்கள் விலை, அவர்கள் செய்த மேம்பாடும் உங்கள் கணக்கில் சேரும். ஆனால் 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு செய்த வேலைக்கு பில் தேட வேண்டாம். அதற்கு முந்தைய வீடென்றால் அந்தத் தேதியில் வீடு என்ன விலை போயிருக்குமோ அதையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பழைய வேலை எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்குங்கள். அன்றைய பத்திரப்பதிவு மதிப்பு கிடைக்கிற இடத்தில், சான்றில் போடும் விலை அதைத் தாண்டக் கூடாது.

கடன் வாங்கிச் செய்தால் கணக்கு வேறு மாதிரி. வாடகைக்கு விட்ட வீட்டைப் பொறுத்தவரை, வாங்க, கட்ட, பழுதுபார்க்க, புதுப்பிக்க, திரும்பக் கட்ட என எதற்குக் கடன் வாங்கினாலும் அதன் வட்டி கழியும். உச்சவரம்பு இல்லை. இங்கே பழுது, மேம்பாடு என்ற பேதம் கிடையாது. வங்கியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நகைக் கடன் வாங்கி மாடி ஒழுகலை அடைத்தாலும் அந்த வட்டியைக் கேட்கலாம், பணம் வீட்டுக்குத்தான் போனது என்று காட்ட முடிந்தால். அதனால் நகைக் கடன் பணம் உங்கள் கணக்கில் ஏறி, அங்கிருந்து மேஸ்திரிக்கும் கடைக்கும் போகட்டும். மாமனோ மச்சானோ கொடுத்த கடன் என்றால் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கவே வாங்காதீர்கள், அதற்கு அபராதம் தனியாக இருக்கிறது.

வட்டி வாடகையைத் தாண்டி நஷ்டம் வந்தால், பழைய வரிமுறையில் வருஷத்துக்கு 2,00,000 வரை சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம். புது வரிமுறையில் அப்படி மற்ற வருமானத்தில் கழிக்க முடியாது. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குப் பழுதுக் கடன் என்றால் பழைய முறையில் 30,000 வரைதான், புது முறையில் ஒன்றுமில்லை. இன்னொன்று: வட்டியாக ஒரு தடவை கழித்ததை, விற்கும்போது வீட்டு விலையில் மறுபடி சேர்க்க முடியாது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது.

சிஎம்சியைச் சுற்றி லாட்ஜ் நடத்துபவர்கள் இதுவரை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு அறை விட்டு, படுக்கை விரிப்பு மாற்றி, ஆள் வைத்து நடத்தினால் அது தொழில் வருமானம். 30 சதவீதம் கிடையாது. பதிலாக, நடப்புப் பழுதுச் செலவு முழுவதும் அந்த வருஷமே கழியும். மேம்பாடு ஒரே வருஷத்தில் மொத்தமாகக் கழியாது, தேய்மானமாக (சொத்து பழசாவதற்காகக் கொடுக்கும் கழிவு) வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். லாட்ஜ் கட்டடத்துக்குத் தேய்மானம் 10 சதவீதம். ஆக, வீட்டுக்காரருக்கு விற்கும்போது வரும் கேள்வி லாட்ஜ்காரருக்கு ஒவ்வொரு வருஷமும் வரும்.

இதில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வழி காட்டியிருக்கிறது. 1997-இல் வந்த பல்லிமல் நவல் கிஷோர் வழக்கில் ஒரு சினிமா தியேட்டரை மொத்தமாகப் புதுப்பித்திருந்தார்கள்: புது இயந்திரம், புது நாற்காலி, புது வயரிங், கழிவறைச் சாமான்கள், கட்டடத்திலும் பெரிய வேலை. இது நடப்புப் பழுது ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007-இல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில், இருக்கிற சொத்தைப் பேணிக் காப்பதற்கான செலவுதான் நடப்புப் பழுது, புது சொத்தைக் கொண்டுவருவதோ புது அனுகூலத்தைத் தருவதோ இல்லை என்று மறுபடி உறுதி செய்தது. ஆகவே 14 அறையில் 3 அறைக்குக் குழாய், டைல்ஸ் மாற்றினால் பழுது என்று வாதாடலாம். லாட்ஜையே இரண்டு மாதம் மூடி எல்லாவற்றையும் பெயர்த்துப் புதுசாக்கினால் பழுது என்று எழுதாதீர்கள். லாட்ஜ் கணக்கில் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழுதுச் செலவும் கழியாது, மேம்பாட்டில் தேய்மானமும் கிடைக்காது. மேஸ்திரிக்கு வாரக் கூலியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தை மாற்றுங்கள்.

குடித்தனக்காரர் செய்யும் வேலையும் ஒன்று இருக்கிறது. "அண்ணா, நானே பெயின்ட் அடிச்சுக்கறேன், ரெண்டு மாச வாடகை கழிச்சுக்கங்க" என்பார்கள். கழித்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் வாடகை வருமானம் 12 மாதத்துக்கும் முழுசாகத்தான் கணக்காகும். பெயின்ட் செலவு அந்த 30 சதவீதத்துக்குள் போய்விட்டது. அவர் உங்கள் சம்மதத்தோடு ஓர் அறை கட்டி வாடகையில் கழித்துக்கொண்டால், அது உங்கள் செலவு, உங்கள் மேம்பாடு. பில்லை அவரிடமிருந்து வாங்கி, கழித்த தொகையைக் குறித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அவர் காலி பண்ணிப் போன பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

பில்லே இல்லாமல் முன்பே கட்டி முடித்தவர்களுக்கு வழி இல்லாமல் போகவில்லை. கட்டட அனுமதி வரைபடம், மாடி சேர்ந்த பிறகு மாநகராட்சி மாற்றிப் போட்ட சொத்து வரி விதிப்பு, மாடிக்குத் தனியாக வாங்கிய மின் இணைப்பின் தேதி, வங்கிக் கடன் என்றால் கட்டம் கட்டமாகப் பணம் விடுவித்த கடிதம், கிரகப்பிரவேச போட்டோ, அந்த வருஷத்து பாஸ்புக். பழைய பாஸ்புக் தொலைந்திருந்தால் கணக்கு விவரத்தை வங்கியில் எழுதிக் கேளுங்கள், தாமதிக்கத் தாமதிக்கக் கிடைப்பது கஷ்டம். இவற்றை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டாளரிடம் போங்கள். எந்த வருஷம், எத்தனை சதுர அடி, அந்த வருஷத்து விலையில் என்ன செலவாகியிருக்கும் என்று மூன்றையும் அவர் சான்றில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஆள் வந்து பார்த்து அட்வான்ஸ் பேசும் முன்பே இதைச் செய்து முடித்துவிடுங்கள்.